கடல் ஓசிதான், அப்புறம் ஏன் எனக்கு 2.86 லட்சம் ஆச்சு?

நவம்பர் வந்துட்டா ஆபீஸ் கேன்டீன்ல ரெண்டே பேச்சுதான். ஒண்ணு, இன்வெஸ்ட்மென்ட் ப்ரூஃப் எப்போ கேப்பாங்க. இன்னொண்ணு, லீவு மிச்சம் கிடக்கே, எங்க போகலாம். ரெண்டாவது கேள்விக்குப் பதில் பெரும்பாலும் ஒரு கடற்கரையாத்தான் இருக்கு. பாலி, ஃபுக்கெட், மாலத்தீவு. போன்ல ஒரு ரீல் பாத்திருப்பீங்க. நீலத் தண்ணி, தண்ணிக்கு மேல ஒரு மரவீடு, நீச்சல் குளத்துல மிதக்குற காலை டிபன். கீழயே "மாதம் இவ்வளவு மட்டும்"னு ஒரு பட்டன்.

அந்தப் பட்டனை அமுக்கினவன் நான். சிஏ பாஸ் பண்ணி, அடுத்தவங்க பேலன்ஸ் ஷீட்ல ஓட்டை கண்டுபிடிக்கிறதுக்குச் சம்பளம் வாங்கிட்டு இருந்த காலத்துல அமுக்கினேன். அதனால இந்தப் பதிவு அறிவுரை மாதிரித் தெரிஞ்சாலும் பாதி வாக்குமூலம்.

2018 பிப்ரவரி. கல்யாணம் முடிஞ்ச கையோட மாலத்தீவு, நாலு ராத்திரி. பேக்கேஜ், ஷாப்பிங் எல்லாம் சேர்த்து 2,40,000 ரூபாய். கையில காசு இல்ல. கிரெடிட் கார்டுல போட்டு, 15 சதவீத வட்டிக்கு 24 மாச இஎம்ஐயா மாத்தினேன். மாசம் சுமார் 11,640. அப்போ என் சம்பளம் 62,000. "தாங்கும்"னு நானே எனக்கு ஆடிட் ரிப்போர்ட் எழுதிக்கிட்டேன். கணக்கை முழுசாப் போட்டது ரொம்ப நாள் கழிச்சுத்தான். வட்டி மட்டும் 39,000 சொச்சம். அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 7,000. ஆக மொத்தம் 2,86,000 ரூபாயைத் தாண்டிருச்சு.

இதுவரைக்கும் பணக்கணக்கு. அக்டோபர்ல ஊர்ல இருந்து போன். ஊருன்னா சாத்தான்குளம். அப்பா குளியலறையில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரி. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு லட்சம் கட்டச் சொன்னாங்க. என் சேமிப்புக் கணக்குல 14,000 இருந்துச்சு. கார்டை நீட்டலாம்னா, லிமிட் 2.5 லட்சம், அதுல இஎம்ஐ பாக்கியே 1.68 லட்சம் உக்காந்திருக்கு. மிச்சம் இருக்கிறது 82,000.

இதுல இன்னொண்ணும் இருக்கு. அந்த வருஷம் கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ்ல அப்பா அம்மாவைச் சேர்க்கலாமான்னு ஒரு படிவம் வந்துச்சு. சேர்த்தா மாசம் 1,400 பிடிப்பாங்க. இஎம்ஐ ஓடுதே, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு "வேண்டாம்" கட்டத்துல டிக் அடிச்சிருந்தேன்.

அம்மா ஒண்ணும் சொல்லல. ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னு கழுத்துச் செயினைக் கழட்டி என் கையில தந்தாங்க. அடகு வச்சுப் பணம் கட்டினோம். மீட்க 14 மாசம் ஆச்சு. மாலத்தீவு இஎம்ஐ முடியுற நேரத்துலதான் அந்தச் செயின் திரும்பி வந்துச்சு. வெளிநாடு போகாதீங்கன்னு இந்தக் கதையைச் சொல்லல. போன இடம் தப்பில்லை. எந்தப் பணத்துல போனேங்கிறதுதான் தப்பு.

சரி, அந்தப் பணம் எங்க போச்சு? கடல்ல குளிக்கக் காசு கிடையாது. மாலத்தீவுலயும் கிடையாது, மணப்பாட்டுலயும் கிடையாது. நாம காசு குடுக்கிறது தூரத்துக்கு, தேதிக்கு, அப்புறம் அந்தப் போட்டோவுக்கு.

தூரத்தை மொதல்ல எடுத்துக்குவோம். தூத்துக்குடிக்காரங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம். எங்க பழைய துறைமுகத்துல இருந்து தோணிகள் மாலத்தீவுக்குப் போயிட்டு வந்துட்டு இருக்கும். வெங்காயம், காய்கறி, கட்டுமானச் சாமான் எல்லாம் இங்க இருந்து ஏறும். 2020 செப்டம்பர்ல தூத்துக்குடி, கொச்சி வழியா மாலேவுக்கு நேரடிச் சரக்குக் கப்பலும் விட்டாங்க. அந்தத் தீவுகள்ல விளையுறது ரொம்பக் கம்மி, சாப்பாட்டுல பெரும்பங்கு இறக்குமதி. அதாவது நம்ம ஊர் வெங்காயம் தோணி ஏறி அங்க போகுது. நாம பின்னாடியே விமானம் ஏறிப் போய், அதே வெங்காயத்தை டாலர்ல சாப்பிட்டுட்டு வர்றோம். நான் சாப்பிட்டேன். சாலட்ல இருந்துச்சு.

விளம்பரத்துல ஒரு விலை, பில்லுல ஒரு விலை வர்றதையும் பாருங்க. ஒரு மாலத்தீவு ரிசார்ட் ரூம் ஒரு ராத்திரிக்கு 300 டாலர்னு வச்சுக்குவோம். வழக்கமான 10 சதவீத சர்வீஸ் சார்ஜ் சேர்ந்தா 330. அங்க டூரிசம் ஜிஎஸ்டி 2025 ஜூலையில இருந்து 17 சதவீதம், அது 56 டாலர். பசுமை வரி ரிசார்ட்ல ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர், ரெண்டு பேருக்கு 24. ஆக 300 டாலர் ரூம் 410 டாலர் ஆகுது. இதை இந்தியக் கார்டுல கட்டினா பல வங்கிகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு 2 முதல் 3.5 சதவீதம் எடுத்துக்கும், அது மேல ஜிஎஸ்டி. மெஷின்ல "ரூபாயில் கட்டலாமா?"ன்னு கேட்டா ஆசையா ஆமான்னு சொல்லிடாதீங்க. அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்க. ரூபாயில மாத்துற ரேட்டை அவங்க வைப்பாங்க, உங்களுக்குச் சாதகமா வைக்க மாட்டாங்க.

வெளிநாட்டு டூர் பேக்கேஜ் வாங்கினா ஏஜென்ட் டிசிஎஸ்னு ஒண்ணு பிடிப்பாங்க. 2025-26 நிதியாண்டுல அது 10 லட்சம் வரைக்கும் 5 சதவீதமா இருந்துச்சு. 2.4 லட்சம் பேக்கேஜ்னா 12,000 ரூபாய். இதைச் செலவுன்னு நினைச்சு விட்டுட்டவங்களை நான் வருஷா வருஷம் பாக்குறேன். அது உங்க பான் நம்பர்ல கட்டின வரி. ரிட்டர்ன்ல எடுத்துக்கலாம். அதுவரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். அதுக்கான படிவத்தை ஆபீஸ்ல குடுத்தா, உங்க மாசச் சம்பளத்துல பிடிக்கிற வரியில அதைக் கழிச்சுக்குவாங்க. எச்ஆருக்கு அந்தப் படிவமே தெரியலன்னா பதறாதீங்க, பொறுமையா எடுத்துச் சொல்லுங்க. நான் சொல்லிக் குடுத்திருக்கேன்.

எல்டிஏ பத்தியும் ஒரு வார்த்தை. பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் அது பிரயோஜனம். உங்கள்ல பலர் புது முறையில இருப்பீங்க, நீங்க அடுத்த பத்திக்குப் போயிடலாம். எல்டிஏவுக்காக மட்டும் பழைய முறைக்கு மாறவும் வேண்டாம். இருக்கிறவங்களுக்கு: 2022–25 பிளாக் 2025 டிசம்பர் 31ஓட முடிஞ்சுது. நாலு வருஷத்துல ரெண்டு பயணம், இந்தியாவுக்குள்ள மட்டும், போக்குவரத்துச் செலவு மட்டும். ஹோட்டலும் சாப்பாடும் வராது. உங்களை நம்பி இருக்கிற அப்பா அம்மா டிக்கெட் வரும். இங்க ஒரு சுவாரசியமான வழக்கு உண்டு. ஸ்டேட் பேங்க் ஊழியர்கள் சிலர் டெல்லியில இருந்து மதுரைக்குப் போறதாக் கணக்குக் காட்டி, இடையில கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர்னு சுத்திட்டு வந்தாங்க. 2022 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், இந்தச் சலுகை இந்தியாவுக்குள்ள போறதுக்குத்தான், அதுவும் குறைஞ்ச தூர வழியிலனு சொல்லிருச்சு. சிங்கப்பூர் எந்த மேப்புலயும் மதுரைக்குப் போற வழியில இல்ல.

இப்போ தேதி. என்னைக் கேட்டா, பீச் ட்ரிப்ல சேமிக்கிறதுக்கு இதை விடப் பெரிய வழி கிடையாது. கூப்பன் தேடுறதுக்கு ரெண்டு மணி நேரம் செலவழிக்கிற நாம, காலண்டரைப் பாக்க ரெண்டு நிமிஷம் செலவழிக்கிறது இல்ல. எங்க பக்கத்துக் கடற்கரையையே எடுத்துக்குங்க. குலசேகரபட்டினத்துல தசரா நேரத்துல ரூம் கிடைக்காது, கிடைச்சா நீங்க கேட்ட விலை கிடைக்காது. திருச்செந்தூர்ல கந்த சஷ்டி, தைப்பூசம், வைகாசி விசாகம். மணப்பாட்டுல செப்டம்பர் முதல் ரெண்டு வாரம் திருச்சிலுவைத் திருவிழா. பக்திக்காகப் போறவங்க அந்த நாள்லதான் போகணும், அது வேற. கடல் பாக்கப் போறவங்களுக்கு அதே கடல் அடுத்த செவ்வாய்க்கிழமையும் அங்கதான் இருக்கும்.

2026 ஜனவரியையே எடுத்துக்குங்க. பொங்கல் 15, வியாழக்கிழமை. அந்த வாரம் மொத்தத் தமிழ்நாடும் ரோட்டுல இருக்கும். குடியரசு தினம் திங்கள்கிழமை, அதனால 24, 25, 26 மூணு நாளும் கூட்டம். நடுவுல 19ல இருந்து 22 வரைக்கும் காலியா கிடந்துச்சு. ரெண்டு நாள் லீவு போட மனசு வராம, நீண்ட வார இறுதிக்காகக் காத்திருந்து ரெட்டை விலை குடுக்கிறோம். ரயில் முன்பதிவு இப்போ 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்கும். திறக்கிற அன்னைக்கே போட்டுடுங்க. தூத்துக்குடிக்கு முத்துநகர், திருச்செந்தூருக்கு செந்தூர், ரெண்டுமே சென்னை எழும்பூர்ல சாயங்காலம் ஏறினா காலையில இறக்கி விடும். ஒரு ராத்திரி ரூம் வாடகை மிச்சம்.

மீன் சாப்பிடுறதுக்குன்னே வர்றவங்களுக்கு ஒரு குறிப்பு. கிழக்குக் கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்கு மீன்பிடித் தடைக்காலம். நாட்டுப்படகு மீன் வரும், ஆனா விலை ஏறியிருக்கும். பள்ளிக்கூட லீவுன்னு மே மாசம் வந்து, "உங்க ஊர்லயே மீன் இந்த விலையா?"ன்னு என்கிட்ட சண்டைக்கு வந்தவங்க உண்டு.

ரூம் எடுக்கும்போது 7,500ங்கிற எண்ணை ஞாபகம் வச்சுக்குங்க. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஒரு நாள் வாடகை 7,500 வரைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினா 18 சதவீதம். 7,400 ரூபாய் ரூம் வரியோட 7,770. 7,600 ரூபாய் ரூம் வரியோட 8,968. வாடகையில வித்தியாசம் 200, பில்லுல வித்தியாசம் 1,198. சொகுசு ஹோட்டலுக்கு உள்ளேயே இருக்கிற ரெஸ்டாரண்ட்லயும் பெரும்பாலும் 18 சதவீதம்தான் போடுவாங்க. வெளிய நடந்து போய்ச் சாப்பிட்டா 5.

2025 ஜனவரியில அப்பா, அம்மா, மனைவி, அப்போ நாலு வயசு மகள் எல்லாரையும் கூட்டிட்டு மணப்பாட்டுக்குப் போனேன். எங்க ஊர் வழியா ஓடுற கருமேனி ஆறு அங்கதான் கடல்ல சேருது. 25 கிலோமீட்டருக்குள்ளதான் இருக்கும். உடன்குடி தாண்டினா பனங்காடு, அப்புறம் குலசை, அப்புறம் மணல்மேட்டு மேல கோயிலும் கலங்கரை விளக்கமும் தெரியும். 1542ல சவேரியார் வந்து தங்கின குகைன்னு ஒண்ணு இருக்கு. ஒரு பக்கம் கழிமுகம், மறுபக்கம் அலை. அலைச்சறுக்குக்குன்னே வெளியூர்ல இருந்து ஆட்கள் வர்றாங்க.

செலவு என் நோட்டுல அப்படியே இருக்கு. ரெண்டு ரூம், ரெண்டு ராத்திரி, 7,200. ஊர்ல இருந்து கார் வாடகை 4,500. சாப்பாடு 5,200. கருப்பட்டி, இதர செலவு 1,600. ஆக 18,500. நானும் மனைவியும் சென்னையில இருந்து மூணாம் ஏசியில போக வர 4,500 சேர்த்தா 23,000. மாலத்தீவுக்கு நான் கட்டின காசுல இதே மாதிரி 12 தடவை போகலாம்.

ரெண்டும் ஒண்ணான்னு கேட்டா, இல்ல. மணப்பாட்டுத் தண்ணி அந்தக் கண்ணாடி நீலம் கிடையாது. அடியில பவளப்பாறையைப் பாத்துக்கிட்டே மிதக்க முடியாது. நல்ல ரூம் எண்ணிக்கை கம்மி, நிழல் கம்மி, சில இடத்துல குப்பை கிடக்கும். "நம்ம ஊர் பீச்சே போதும், வெளிநாடு எதுக்கு"ன்னு பேசுறவங்க இதையெல்லாம் சொல்றது இல்ல. எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. ஆசைப்பட்டவங்களைக் கஞ்சத்தனத்தால சமாதானப்படுத்த முடியாது. மாலத்தீவு பாக்கணும்னா பாருங்க. மொதல்ல சேர்த்துட்டுப் பாருங்க.

எப்படிச் சேர்க்கிறது? என் வரிசை இதுதான். மொதல்ல மூணு மாசச் செலவுக்கான பணம் தனியா. ஆறு மாசம்னு புத்தகம் சொல்லும், 25 வயசுல அதுக்குக் காத்திருந்தா யாரும் எங்கயும் போக மாட்டாங்க. அடுத்து அப்பா அம்மாவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ். கம்பெனி படிவத்துல அந்தக் கட்டம் வந்தா தயவுசெஞ்சு என்னை நினைச்சுக்குங்க. இந்த ரெண்டும் ஆனப்புறம் பயணத்துக்குன்னு ஒரு ஆர்டி. மாசம் 2,500 போட்டா பத்து மாசத்துல 25,000, மணப்பாட்டுக்குப் போயிட்டு வந்துடலாம். 10,000 போட்டா ரெண்டு வருஷத்துல 2.4 லட்சத்துக்கு மேல, வட்டியோட. கவனிச்சீங்களா, நான் இஎம்ஐ கட்டினதும் அதே 24 மாசம்தான், அதை விட அதிகமாத்தான் கட்டினேன். வட்டி யார் பக்கம் போச்சுங்கிறது மட்டும்தான் வித்தியாசம். "நோ காஸ்ட் இஎம்ஐ"ன்னு வந்தாலும் பில்லைப் பாருங்க. வட்டிக்கு ஜிஎஸ்டி, பிராசஸிங் ஃபீஸ்னு ஏதாவது ஒண்ணு ஓரமா உக்காந்திருக்கும்.

சேமிக்கக் கூடாத இடமும் இருக்கு. ஆன்லைன்ல கன்வீனியன்ஸ் ஃபீஸ் 350 ரூபாயை வாய் திறக்காமக் கட்டிட்டு, கரையில நுங்கு விக்கிற அக்காகிட்ட இருபது ரூபாய்க்குப் பேரம் பேசுறோம். மணப்பாட்டுல எங்களுக்கு மீன் குழம்பு வச்சுக் குடுத்த அம்மா சொன்ன விலையை அப்படியே குடுத்தேன். அலைச்சறுக்கு கத்துக்கப் போனா லைஃப் ஜாக்கெட் இல்லாத மலிவான ஆளைத் தேடாதீங்க. கள்ளக்கடல் எச்சரிக்கை வந்திருக்கான்னு பாத்துட்டு, கரையில இருக்கிற மீனவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க. உடன்குடிக் கருப்பட்டியும் அப்படித்தான். விலை சந்தேகப்படுற அளவுக்குக் கம்மியா இருந்தா, உள்ள சீனி இருக்குன்னு அர்த்தம்.

அந்த ரெண்டு நாள்ல எனக்கு நிக்கிற காட்சி ஒண்ணு. சாயங்காலம், அப்பா கைத்தடியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு பிளாஸ்டிக் நாற்காலியில இருக்காங்க. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிட்டு முழங்கால் தண்ணியில முக்கால் மணி நேரமா நிக்கிறாங்க, கழுத்துல அந்தச் செயின். கடல்ல இருந்து இவ்வளவு பக்கத்துல 61 வயசு வரைக்கும் வாழ்ந்தவங்க, ஒரு ராத்திரி கூடக் கடற்கரையில தங்கினது இல்லையாம். "திருச்செந்தூருக்குப் போவோம், கும்புடுவோம், கால நனைப்போம், கடைசி பஸ்ஸப் புடிக்க ஓடியாந்துருவோம். இப்படி நிக்க எங்கய்யா நேரம்?"

இந்தத் தடவை உவரி பாக்கணும்ங்கிறாங்க. ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை. மகளுக்கு ஸ்கூல் ஒரு நாள் லீவு, அதுக்கு என் மனைவி இன்னும் சம்மதிக்கல. ஆர்டி இந்த மாசம் முடியுது, ரூம் சொல்லியாச்சு.